சாவியை எடுத்த பிறகும்

ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

எத்தனை முறை ஃபோன் செய்தாலும் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணனின் ஃபோன் அணைந்தே கிடக்கிறது. வேறு வழியில்லாமல் பட்டறையில் டிங்கர் வேலை பார்க்கிறவரைக் கூப்பிட்டேன். "அண்ணி இப்ப உங்ககிட்ட பேசற நெலமையில இல்லம்மா. எழுதிப் போடுங்க, படிப்பாங்க" என்றார். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அண்ணனுடைய சுட்டுவிரலில் மேல் கணு போய்விட்டதாம். நடுவிரலைத் தைத்திருக்கிறார்களாம், மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். வலது கை. எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். கேட்டதிலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த வயர்களை இழுத்து முறுக்கி இணைத்த கை இதுதானே.

நான் செய்ததை நானே எழுதிவிடுகிறேன், அண்ணி. அண்ணன் தன் பந்தயக் காருக்கு 'ராங்கி' என்று பெயர் வைத்தது பொருத்தம்தான். ஓடும்போது அவளுக்கு ஒன்றும் ஆகாது, நிறுத்தினால்தான் கோபம் வந்து கொதிப்பாள். போன மாதம் குழந்தையோடு அங்கே வந்திருந்தபோது அண்ணன் இதைச் சொல்லிப் புலம்பினார். நான் சும்மா இருந்திருக்கலாம். காரில் ஃபேன் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதானே என் ஆபீஸ் வேலை, வாய் சும்மா இருக்குமா? பழைய ஃபேன் எஞ்சின் பெல்ட்டில் சுற்றுவது. எஞ்சின் பறந்தால் பறக்கும், முனகினால் முனகும். தடத்தில் பறக்கும்போது எதிர்க்காற்றே போதும், அப்போது அந்த ஃபேன் எஞ்சின் பலத்தைத் தின்பதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. அடுத்த சுற்றுக்கு வரிசையில் நிற்கும்போதுதான் காற்று வேண்டும். அப்போது பார்த்துச் சோம்பல் முறிக்கும். இதையெல்லாம் அண்ணனுக்குப் படம் போட்டு விளக்கினேன். மின்சார ஃபேன் போட்டுவிடலாம் என்றேன். அவர் மசியவே இல்லை. "எஞ்சின் நின்னா ஃபேனும் நிக்கும். இவ்ளோ நேர்மையான சாமானை எதுக்குடி கழட்டணும்?" என்றார். நான் விடவில்லை. நச்சரித்து நச்சரித்து மாட்டவைத்தேன்.

மாட்டியதோடு நிற்கவில்லை. எஞ்சினை அணைத்த பிறகு ஓரிரு நிமிடத்தில் உள்ளே இன்னும் சூடு ஏறும். தண்ணீர் ஓட்டம் நின்று அனல் தேங்கிவிடும். அப்போதும் ஃபேன் தானாக ஓடட்டும் என்று பாட்டரியிலிருந்து நேராக இணைப்புக் கொடுத்தேன். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்ட பிறகும் அது ஓடும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணி. கிளம்பும் முன் அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அன்று குழந்தைக்குக் காய்ச்சல். ரயிலைப் பிடிக்கிற அவசரம். அண்ணன் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தார். அப்படியே வந்துவிட்டேன். வந்து ஃபோனில் சொல்லியிருக்கலாம். அதுவும் மறந்துபோனது.

மன்னியுங்கள் என்று எழுதக் கை வரவில்லை. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

&nbsp;

ஜூலை 14

இஞ்சினியரம்மாவுக்கு,

ஒரு வரி கேட்டாய். ஒரு வரியில் அடங்காது.

அடிபட்ட அன்று அவர் தடத்தில் நாலைந்து சுற்று ஓட்டிவிட்டு ஷெட்டுக்குள் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சூடே ஏறல பாத்தியா" என்றார். எஞ்சினை அணைத்தார். எப்போதும் போலச் சாவியை எடுத்துக் கார் கூரை மேல் வைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி முகம் கழுவினார். பிறகு பானட்டைத் திறந்தார். ஃபேன் அசையாமல் நின்றிருந்தது. அதை நானும் பார்த்தேன்.

உன் அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். ஜுரம் வந்த பிள்ளை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல ரேடியேட்டரைத் தொட்டுப் பார்ப்பார். எந்த இடம் சூடு இல்லாமல் இருக்கிறதோ அங்கே அடைப்பு. ஃபேன் நின்றதும் இதழ்களுக்கு நடுவில் விரலை விட்டுத் தடவுவார். பழைய ஃபேனில் இத்தனை வருஷமாகச் செய்தது. எஞ்சின் நின்றால் ஃபேன் செத்த மாதிரி. அவர் கைக்கு அது மட்டும்தான் தெரியும்.

விரலை விட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போது ஓடியது.

கத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "யாருடா வண்டியை ஸ்டார்ட் பண்ணது?" டிங்கர்காரரைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அந்த மனுஷன் ஷெட்டு வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சாவி கூரை மேலேயே இருந்தது. யாரும் ஸ்டார்ட் பண்ணவில்லை என்பது உன் அண்ணனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் புரிந்தது.

இப்போது இடது கையால் சாப்பிடுகிறார். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். பட்டறையில் பாதி வேலையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற கை அது ஒன்றுதான், மற்றவர்கள் எடுபிடி.

யாரிடமும் சொல்லவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். நீயே எழுதிய பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது?

படித்த திமிர் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது என்று பார்.

அண்ணி

&nbsp;

ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

திட்டியாவது எழுதினீர்களே. எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. "யாருடா ஸ்டார்ட் பண்ணது" என்கிற இடம் வரும்போதெல்லாம் தாளை மடித்து வைத்துவிடுகிறேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுக்கிறேன்.

கடைசி நாள் காலையை நினைவுக்குக் கொண்டுவர முட்டிக்கொண்டு பார்க்கிறேன். நீங்கள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் மருந்துப் பாட்டில் மூடி எங்கோ உருண்டுவிட்டது, கட்டிலுக்கடியில் தேடினேன். அடுத்து நினைவில் இருப்பது ரயில் ஜன்னல். நடுவில் ஒன்றுமே இல்லை, அண்ணி. அழித்துவிட்ட மாதிரி இருக்கிறது. அதற்கு முந்தின நாட்களிலும் நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. தூக்கமில்லாதவளுக்குப் பாட்டரி வயரில் என்ன வேலை?

இங்கே நிலைமையைச் சொல்கிறேன். பிரசவ விடுப்பு முடிகிறது. ஆகஸ்ட் கடைசிக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லும்படி ஆபீஸில் கேட்கிறார்கள். இனி வருகிற புது மாடலுக்கு ஃபேன் கட்டுப்பாடு முழுக்க என் பொறுப்பு என்கிறார்கள். போன வருஷம் இப்படிக் கேட்டிருந்தால் குதித்திருப்பேன். நான் படித்ததே இதற்குத்தானே. இப்போது முடியவில்லை. ஒரே ஒரு காரில், அதுவும் கூடப்பிறந்தவன் காரில், சொல்ல வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வந்தவள் ஊரில் ஓடுகிற அத்தனை கார்களுக்கும் எப்படிப் பொறுப்பேற்பது? எத்தனை மெக்கானிக்குகள், எத்தனை கைகள்? வேலையை விட்டுவிடப் போகிறேன்.

இவரிடம் சொன்னேன். "உங்க அண்ணனே உன்னை ஒண்ணும் சொல்லல. நீ ஏன் உன்னையே போட்டு அடிச்சுக்கற?" என்கிறார். இவருக்குத் தெரியாத இன்னொன்றை உங்களுக்கு எழுதுகிறேன். குழந்தையைக் குளிப்பாட்ட எனக்குப் பயமாக இருக்கிறது. தண்ணீர் சூட்டைப் பார்த்தேனா இல்லையா என்று சந்தேகம் வருகிறது. கையை விட்டுப் பார்க்கிறேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் மறுபடி சந்தேகம். முதுகு வலி என்று பொய் சொல்லி இவரையே குளிப்பாட்டச் சொல்கிறேன். நல்ல மனுஷன், நம்பிவிட்டார். முதுகுக்குத் தைலம் வேறு வாங்கி வந்திருக்கிறார்.

அண்ணன் விரல் மடங்குகிறதா?

உங்கள் நாத்தனார்

&nbsp;

ஆகஸ்ட் 2

சின்னவளுக்கு,

நடுவிரல் கொஞ்சம் மடங்குகிறது. பயிற்சிக்குப் போகிறார். அங்கே ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்கிறார்களாம். "நான் என்ன பச்சப்புள்ளையா" என்று தினமும் சண்டை. ஆனால் யாரும் பார்க்காதபோது அமுக்குகிறார்.

நேற்று டிங்கர்காரர் பழைய ஃபேனைத் துடைத்து எடுத்துவந்து, "மாட்டிடலாமா?" என்று கேட்டார். உன் அண்ணன், "கொண்டு போய் வை" என்றார். ஏன் என்றதற்கு, "ராங்கி கொதிக்கலைல்ல? அவ போட்ட கணக்கு சரிதான்" என்றார். அந்த மனுஷன் வாய் சும்மா இருக்குமா? "கணக்கு சரிதான்ணே, கழித்தல்ல விரலைச் சேத்துட்டாங்க" என்றார். நான் கையில் இருந்த டம்ளரை எறிந்திருப்பேன். உன் அண்ணன் சிரித்தார். விபத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலையை விடாதே. போன கடிதத்தில் படித்த திமிர் என்று எழுதினேன். ஆத்திரத்தில் எழுதியது, அதை மனதில் வைத்துக்கொண்டு எதுவும் செய்யாதே. மாசக்கணக்காய்த் தூங்காதவள் ஒன்றை மறந்தால் அது கொலைக்குற்றமா?

குழந்தையை நீயே குளிப்பாட்டு. உனக்கு ஒன்றும் மறக்காது.

இவ்வளவுதான் எழுத முடிகிறது. பட்டறையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

அண்ணி

&nbsp;

ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் திட்டியபோது கொஞ்சம் தாங்க முடிந்தது. இப்போது இப்படி அன்பாக எழுதுகிறீர்கள், இதுதான் தாங்கவில்லை. "உனக்கு ஒன்றும் மறக்காது" என்று எதை வைத்து எழுதினீர்கள்? மறந்ததால்தானே இத்தனையும்.

அண்ணன் என் கணக்கு சரி என்றாராமே. எனக்கு அதைப் படித்து அழுகை வந்தது. கணக்கு யாருக்கு வேண்டும்? ஒரு வருஷம் சும்மா பேசாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. இடது கையால் உறையைப் பிரிக்கச் சிரமப்படுவாரே என்று ஒரு நினைப்பு. இது வெறும் சாக்கு என்று எனக்கே தெரிகிறது.

ராஜினாமாவை எழுதிவிட்டேன். என் மேலதிகாரி ஒரு பெண்மணி, ரொம்ப நிதானமானவர். ஃபோனில் சொன்னபோது, "மாதக் கடைசித் திங்கட்கிழமை நேர்ல வாங்க. அன்னைக்கும் இதே முடிவுன்னா வாங்கிக்கறேன்" என்றார். காரணம் கேட்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றேன். எத்தனை பெண்கள் சொல்லும் காரணம். யாரும் மறு கேள்வி கேட்பதில்லை.

வேலையை விட்டால் மறுபடி உள்ளே போவது நடக்காது, அண்ணி. தெரிந்துதான் செய்கிறேன். உள்ளே ஏதோ ஒன்று சமாதானம் ஆகும் என்று தோன்றுகிறது. அண்ணனுக்கு விரல் போனது, எனக்கு இது போகட்டும்.

நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா? கேட்கவே இல்லை நான்.

உங்கள் நாத்தனார்

&nbsp;

ஆகஸ்ட் 25

பாப்பாவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கு உதிரிபாகம் ஏற்றிவரும் வேன்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டுத் திங்கட்கிழமை என்ன செய்வதோ செய்.

நீ சொன்னாய். என்னிடம் சொன்னாய்.

மருந்து மூடியைத் தேடி எடுத்துவிட்டு, கட்டிலுக்கடியிலிருந்து தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தாய். குழந்தை என் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்தது. "அண்ணி, மறந்துடாதீங்க, அண்ணன் வந்ததும் சொல்லிடுங்க. சாவி எடுத்தாலும் ஃபேன் ஓடும். சூடு இருக்கறப்போ கை வைக்கக் கூடாது. பாட்டரி வயரைக் கழட்டிட்டுத்தான் தொடணும்" என்றாய். நான் "சரி சரி, நீ கிளம்பு, ரயில் போயிடும்" என்றேன். நீ விடாமல், "என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க" என்றாய். நான் திருப்பிச் சொன்னேன். வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். நீ என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாய்.

அவர் வந்து பானட்டைத் திறந்து, "என் தங்கச்சி வேலையைப் பாத்தியா? வயரை எப்படி வகிடு எடுத்த மாதிரி ஓட்டியிருக்கா பாரு" என்றார். அந்த வாரம் முழுக்க அதே பேச்சு. நீங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டில் விரலால் படம் போட்டுப் பேசுவீர்கள். நான் பரிமாறிக்கொண்டு நிற்பேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நட்டு என்ன வேலை செய்கிறது என்று எனக்கு அவர் விளக்கியதில்லை. நான் கேட்டதும் இல்லை, அது வேறு. அன்று அவர் அப்படிப் பூரித்து நின்றபோது, உன் வார்த்தையை உன் பேரைச் சொல்லி அவர் காதில் போட எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளும் உன் புராணம்தான். பிறகு நிஜமாகவே மறந்துவிட்டேன்.

ஷெட்டில் அவர் விரலை விட்டபோது ஞாபகம் வந்தது. பளிச்சென்று வந்தது. "ஏங்க" என்று கூப்பிட்டேன். கையை எடுங்க என்று கத்தியிருக்க வேண்டும். "ஏங்க" என்றுதான் வாயில் வந்தது. அவர் கையை அங்கேயே வைத்துக்கொண்டு என்னவென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். உனக்கு எழுதியபோது அவர் திரும்பிப் பார்த்தார் என்று மட்டும் எழுதினேன். ஏன் பார்த்தார் என்று எழுதவில்லை.

உன் ஃபோனை நான் ஏன் எடுக்கவில்லை? "உங்ககிட்ட சொன்னேனே அண்ணி" என்று நீ கேட்பாய் என்று பயந்துதான். பிறகு உன் முதல் கடிதம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை என்று நீயே எழுதியிருந்தாய். பாப்பா, உனக்கு மறந்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. சமையலறையில் நின்று இரண்டு கையாலும் அந்தத் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. அதே கையோடு உட்கார்ந்து உன்னைத் திமிர் பிடித்தவள் என்று எழுதினேன்.

நீ குழந்தையைத் தொடப் பயப்படுவதாக எழுதினாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "வேலையை விடாதே" என்று எழுதிவிட்டு அது போதும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அது உனக்குப் போதாது என்று உன் போன கடிதத்தில் தெரிந்துபோயிற்று.

அவருக்கு இன்னும் தெரியாது. "ஓயாம பேசறவ, இதை மட்டும் எப்படிச் சொல்லாம போனா?" என்று ஒரே ஒரு நாள் கேட்டார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அண்ணி

&nbsp;

ஆகஸ்ட் 31

அண்ணிக்கு,

வேன்காரர் வந்தபோது நான் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். "கையிலதான் குடுக்கணும்னு சொன்னாங்க" என்று என் எச்சில் கையிலேயே திணித்துவிட்டுப் போனார்.

அன்புள்ள என்று போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இப்போதைக்கு வரவில்லை.

நான் என் மூளையைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன் தெரியுமா உங்களுக்கு? இரவு பகல் பார்க்காமல் சோதித்தேன். பால் காய்ச்சினேனா, கதவைப் பூட்டினேனா. என் பிள்ளை தண்ணீரில் கையை அடித்துச் சிரிப்பதை இரண்டு மாதம் நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே போகவில்லை. அது உங்களால். அண்ணன் விரலுக்கு நீங்கள் அவரிடம் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். இதற்கு என்னிடம் சொல்ல வேண்டும். சொன்னாலும் அந்த இரண்டு மாதம் வராது.

படித்த அன்றைக்கு இதோடு நிறுத்தியிருப்பேன். நல்ல கோபத்தில் இருந்தேன், இவர்கூடப் பக்கத்தில் வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போது ஒன்று தோன்றியது.

நீங்கள் சொன்னது மாதிரி எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒட்டடை, கன்னத்தைத் தட்டியது, எதுவுமே இல்லை. உங்கள் வார்த்தையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. சரி, நம்புகிறேன். நான் சொன்னேன். நீங்கள் திருப்பிச் சொன்னீர்கள். அதனால்? என் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் இப்படி ஒரு இணைப்பை வரைந்து எடுத்துவந்து, "இதுல ஆபத்து இருக்கு மேடம், ஆனா அவங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றால் நான் என்ன செய்வேன்? தாளை அவன் முகத்திலேயே திருப்பி நீட்டுவேன். ஒருவர் மறந்தால் இன்னொருவர் கை போகும் என்றால் அந்த வேலை முடியவில்லை என்று அர்த்தம். பானட்டுக்கடியில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருந்தால் போதும். பானட் திறந்தால் ஃபேனுக்கு மின்சாரம் போகாது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நான் அதை வைக்கவில்லை. அந்த இடத்தில் உங்களை வைத்துவிட்டுப் போனேன். அழுகிற குழந்தையோடு.

உங்களை விடுவிக்க இதை எழுதவில்லை. உங்கள் பங்கு உங்களுக்கு. என் பங்கு எங்கே இருக்கிறது என்று இத்தனை நாள் தெரியாமல் எல்லா இடத்திலும் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது தெரிகிறது, அது ஒரு சுவிட்ச் அளவு. ஆனால் என்னுடையதுதான்.

மேலதிகாரி கையை நீட்டினார். நான் ராஜினாமாவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. "எப்பலேர்ந்து வரட்டும்?" என்றேன். "ஆள் கிடைச்சுட்டாங்களா குழந்தைக்கு?" என்றார். "தேடணும்" என்றேன். "தேடுங்க. வேலை எங்கயும் ஓடிப்போகாது, ஆனா சீக்கிரம் தேடுங்க" என்றார்.

அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன், உங்களுக்காக மறைக்கவும் மாட்டேன். சொல்லிவிட்டு எழுதுங்கள். சுவிட்ச் மாட்ட நான் வரும்போது அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் நாத்தனார்

&nbsp;

செப்டம்பர் 12

பாப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

அவர் பட்டறையில் கார்புரேட்டர் ஒன்றை இடது கையால் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொன்னது, நான் திருப்பிச் சொன்னது, உன்னைப் பற்றிய அவர் பேச்சைக் கேட்டு எனக்கு எரிந்தது, "ஏங்க" என்றது, உன் கடிதத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. எதையும் விடவில்லை. கழுவி முடித்துத் துணியில் துடைத்துவிட்டு, "அவளுக்கு எழுதிட்டியா?" என்றார். எழுதிவிட்டேன் என்றேன். "வேலைக்குப் போறாளா?" போகிறாள் என்றேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு இத்தனை நாளும் போட்டதைச் சாப்பிட்டார். சட்டைப் பொத்தானைப் போட நான் போனால் விலகிக்கொண்டார். தானே போராடிப் போட்டுக்கொண்டார். மேல் பொத்தான் ஒரு ஓட்டை தள்ளிப் போய்விடும், அப்படியே வெளியே போவார். நான் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை என்று இருந்தேன்.

நேற்று சாயங்காலம் ராங்கியை வெளியே எடுத்தார். அடிபட்ட பிறகு முதல் தடவை. வேகமாக இல்லை, அந்தப் பெரிய ரோடு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். எஞ்சினை அணைத்தார். பானட்டைத் திறந்து ஏதோ குடைந்தார். என்னைக் கூப்பிட்டார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"கையைக் குடு" என்றார்.

கொடுத்தேன். மிச்ச விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்து, என் கையை ஃபேன் இதழ்களுக்கு நடுவில் விட்டார். விரல் நுனி ரேடியேட்டரில் பட்டது. கொதித்தது. ஆனால் கையை இழுக்கவில்லை. இழுக்கக் கூடாது என்று இருந்தேன். எந்த நொடி ஓடுமோ என்று அதன் நடுவில் இருந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க சூடா இருக்கா?"

"இருக்கு."

இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். "இங்க?"

"கம்மியா இருக்கு."

"அங்கதான் அடைப்பு. அந்தப் பக்கம் தண்ணி சரியா ஓடல. இப்படித்தான் பாக்கணும்" என்றார். எனக்கு விளக்கினார். "பயமா இருக்கா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஃபியூஸை எடுத்துட்டேன். ஓடாது."

"அதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று கத்திவிட்டேன். உயிரே போகிற மாதிரி கத்தினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். டிங்கர்காரர்கூடச் சுத்தியலை நிறுத்திவிட்டார்.

"இதை நீ கேக்கற" என்றார்.

அவர் என் மணிக்கட்டை விடவில்லை. சூடு ஆறுகிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

சுவிட்சை எடுத்துக்கொண்டு வா. எந்த முகமோ, இருக்கிற முகத்தோடு வா.

அண்ணி